செத்த காலேஜுக்கு ஒரு அட்மிஷன்!

கடைசியா மியூசியத்துக்கு எப்போ போனீங்க?

ரொம்ப யோசிக்காதீங்க. ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, ஸ்கூல் டூர். டிபன் பாக்ஸ்ல புளிசாதம். ரெண்டு ரெண்டு பேரா கையைக் கோத்துக்கிட்டு நீளமா ஒரு வரிசை. 'தொடாதே, பேசாதே, ஓடாதே'ன்னு மூணே மூணு கட்டளை. அரை நாளில் எல்லாக் கட்டடத்தையும் ஏறி இறங்கி வெளியே வந்தப்ப, ஞாபகத்துல தங்கினது திமிங்கல எலும்புக்கூடும் வாசல்ல வாங்கின மாங்காய்க் கீற்றும்தான். சரியா? எனக்கும் அதேதான். மாங்காய் நல்லா இருந்துச்சு.

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னைக்காரங்க ஒரு பேர் வெச்சிருந்தாங்க. செத்த காலேஜ்! சிரிக்காதீங்க, உங்க தாத்தா பாட்டி சென்னைன்னா கேட்டுப் பாருங்க. மிருகக்காட்சி சாலைக்குப் பேர் உயிர் காலேஜ். காணும் பொங்கலன்னிக்குக் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு, ரெண்டு காலேஜையும் ஒரே நாள்ல முடிச்சிட்டு, அப்படியே பீச்சுக்குப் போயிடுவாங்க. அட்டெண்டன்ஸ் நூறு சதவீதம்!

'காலேஜ்' எப்படி வந்துச்சு? 1851ல் இந்த மியூசியம் ஆரம்பிச்சது நுங்கம்பாக்கத்துல, இப்போ காலேஜ் ரோடுன்னு சொல்றோமே, அங்கே இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில். அதனால பேர் ஒட்டிக்கிச்சுன்னு சொல்வாங்க. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர்னு ஒரு டாக்டர். கல்லையும் எலும்பையும் பார்க்க வர்ற கூட்டத்தைவிட, உயிரோட இருக்கற மிருகத்தைப் பார்க்க வர்ற கூட்டம் பல மடங்குன்னு மனுஷன் கவனிச்சிருக்கார். எழும்பூருக்கு மாறின பிறகு, 1855ல் மியூசியம் வளாகத்திலேயே ஒரு மிருகக்காட்சி சாலையை ஆரம்பிச்சுட்டார். அது அப்புறம் சென்ட்ரல் பக்கம் போய், 1985ல் வண்டலூர்ல செட்டில் ஆனது தனிக்கதை. ஆக, ஜனங்களை எப்படி உள்ளே வரவழைக்கிறதுன்னு மண்டையைப் பிச்சிக்கிட்ட ஆள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கார். உள்ளே வந்தவங்களை எப்படி நிறுத்திப் பார்க்க வைக்கிறது? அதுலதான் இன்னிக்கு வரைக்கும் பல்பு வாங்கிட்டிருக்கோம். நான் வாங்கின பல்பைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

'எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்க வீட்லயும் ஒரு அக்கா பையனோ அண்ணன் பொண்ணோ கண்டிப்பா இருக்கும். லீவு விட்டா, 'நீ சும்மாதானே கெடக்கே, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ'ன்னு உங்க தலையிலதான் கட்டுவாங்க. அன்னிக்கு இது உதவும்.

2018 காணும் பொங்கல். நான் செகண்ட் இயர் ஹிஸ்டரி. சோழர் கலைன்னு ஒரு பேப்பர் அந்த செமஸ்டர்ல இருந்ததால, கையில கொஞ்சம் கெத்து ஜாஸ்தி. அக்கா, அக்கா பையன் (அஞ்சு வயசு), ஊர்ல இருந்து வந்திருந்த அம்மாயி. எல்லாரையும் எழும்பூருக்குக் கூட்டிட்டுப் போனேன். அம்மாயின்னா அம்மாவோட அம்மா. சீர்காழிக்குக் கிழக்கே, திருவெண்காட்டுக்குப் பக்கத்துல ஒரு கிராமம் அவங்களுக்கு. மியூசியத்துக்குள்ள கால் வைக்கிறது அதுதான் முதல் தடவை.

வெண்கலச் சிலைகள் இருக்கற கூடத்து வாசல்ல அம்மாயி செருப்பைக் கழட்டினாங்க. நான் அப்பவே நெளிஞ்சேன். உள்ளே போனதும் என் லெக்சர் ஆரம்பம். "இது பதினோராம் நூற்றாண்டு, இது திரிபங்கம், இது..." அக்கா போன்ல இருந்தா. பையன் வழவழ தரையில சறுக்கிட்டிருந்தான். அம்மாயி மட்டும் ஒரு சிலைக்கு முன்னாடி நின்னுட்டாங்க. அர்த்தநாரீஸ்வரர். வலது பாதி சிவன், இடது பாதி பார்வதி. திருவெண்காட்டுலேர்ந்து வந்த சிலை. அதை நான் சொன்னதும், "எங்க ஊரு சாமியா!"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, கூடத்துல இருக்கற அத்தனை பேருக்கும் கேட்கற மாதிரி ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏண்டி, ஆத்தாளுக்கு ஒரு துண்டுத்துணிகூடக் கட்டாம இப்படி நிக்க வெச்சிருக்காங்களே, இது அடுக்குமா?"

பக்கத்துல ரெண்டு பேர், கழுத்துல கேமரா, நம்ம வயசுதான், திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பெல்லாம் இல்ல. ஆனா எனக்கு ரத்தம் மூஞ்சிக்கு ஏறிடுச்சு. "அம்மாயி! இது கோயில் இல்ல, மியூசியம். தெரியலைன்னா சும்மா இரு"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு சொன்னேன்.

சும்மா இருந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. "முட்டி வலிக்குது, நீங்க பாத்துட்டு வாங்க"ன்னு வெளியே மரத்தடியில போய் உட்கார்ந்தாங்க. பையனும் "நானும் பாட்டிகூட"ன்னு ஓடிட்டான். மிச்சம் இருந்த கூடத்தையெல்லாம் நான் தனியா பார்த்தேன். ரொம்ப நல்லாப் பார்த்தேன்னு நினைப்பு வேற.

அந்தப் பேப்பர்ல எனக்கு எழுபத்தெட்டு மார்க். உற்சவர் சிலைகள் பத்தின பத்து மார்க் கேள்வியைப் பிச்சு உதறியிருந்தேன். எழுதி முடிச்சு எவ்வளவோ நாள் கழிச்சுத்தான் உறைச்சுது. அம்மாயி கேட்டதும் அதே பத்து மார்க் கேள்விதான்! இந்தச் சிலைகள் எல்லாம் வீதியில புறப்பாடு போறதுக்குச் செஞ்சது. பட்டு சாத்தி, நகை போட்டு, மாலை குவிச்சு, முகம் மட்டும்தான் வெளியே தெரியும். அந்த இடுப்பு வளைவையும் முதுகையும், செஞ்ச ஸ்தபதிக்கும் அபிஷேகம் செய்யற குருக்களுக்கும் அப்புறம் முழுசா பார்த்தவங்க மியூசியத்துக்கு வர்ற நாமதான். அது நமக்கு லாபம். ஆனா வாழ்நாள் பூரா பட்டுப்புடவையோட பார்த்த ஒருத்தங்களுக்கு அது எப்படி இருக்கும்? அதை அம்மாயி ஒரே வரியில கேட்டாங்க. நான் 'சும்மா இரு'ன்னேன்.

சரி, கதை இங்கே முடியல.

தேர்ட் இயர்ல எங்க காலேஜ் என்.எஸ்.எஸ். சார்பா ஒரு சாயங்கால ட்யூஷன் சென்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போயிட்டிருந்தோம். மூணாவது முதல் ஏழாவது வரை பசங்க. 'ஹிஸ்டரி படிக்கிற பொண்ணு நீதானே, மியூசியம் கூட்டிட்டுப் போ'ன்னுட்டாங்க. இருபத்திரண்டு பசங்க, நாலு வாலண்டியர். நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தேன். அமராவதி, பல்லவர், சோழர், விஜயநகரம்னு வரிசையா ஒண்ணரை மணி நேரம் ப்ளான்.

பத்தாவது நிமிஷம் ஒருத்தனுக்கு பாத்ரூம். பதினஞ்சாவது நிமிஷம் ஏழு பேருக்கு பாத்ரூம். இருபதாவது நிமிஷம், நான் நடராஜர் தத்துவத்துல இருந்தப்ப, ஒரு வாண்டு தரையில படுத்து மேல்கூரையைப் பார்த்துட்டிருந்தான். வெளியே வந்து "என்ன பார்த்தீங்க?"ன்னு கேட்டேன். "சாமி"ன்னு ஒருத்தன். "நிறைய சாமி"ன்னு இன்னொருத்தன். முடிஞ்சுது!

இதுல பசங்களைக் குத்தம் சொல்ல முடியாது. பெரியவங்களே ஒரு படைப்பு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கறாங்க தெரியுமா? நியூயார்க்ல இருக்கற மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல பார்வையாளர்களைக் கவனிச்சு எடுத்த ஒரு ஆய்வு 2001ல் வெளியாச்சு. சராசரியா 27 விநாடி! மேகி நூடுல்ஸுக்கே ரெண்டு நிமிஷம் தர்றோம்.

அதே நியூயார்க்ல, நவீன கலை மியூசியத்துல கல்விப் பிரிவைப் பார்த்துக்கிட்டவர் ஃபிலிப் யெனவைன். விளக்கம் சொல்லிச் சொல்லிக் காட்டினா ஜனங்களுக்குப் பிடிக்குது, ஆனா மனசுல தங்கறதில்லங்கறது அவருக்குப் பெரிய குடைச்சல். அபிகெயில் ஹௌசன்னு ஒரு ஆய்வாளரோட சேர்ந்து அவர் உருவாக்கின முறையில, கூட்டிட்டுப் போறவர் விளக்கமே சொல்ல மாட்டார். திரும்பத் திரும்ப மூணே கேள்விதான் கேட்பார். இங்கே என்ன நடக்குது? எதைப் பார்த்து அப்படிச் சொல்றே? இன்னும் என்னவெல்லாம் தெரியுது? அவ்ளோதான். லைப்ரரியில இதைப் படிச்சப்ப, 'இதுக்கு நான் எதுக்கு நோட்ஸ் எடுத்தேன்'னு இருந்துச்சு. அதுலயும் அந்த ரெண்டாவது கேள்வி இருக்கே, சொன்ன பதிலுக்குக் காரணம் தேடி பையன் மறுபடி சிலையைப் பார்த்தே ஆகணும். 27 விநாடியெல்லாம் அங்கேயே அடிபட்டுப் போயிடும்.

மறுபடி ஒரு ஞாயித்துக்கிழமை. இந்தத் தடவை ரூல் ஒண்ணு: மூணு சிலைக்கு மேல கிடையாது. வாலண்டியர் ரெண்டு பேர் வேற வர முடியாமப் போச்சு. பசங்களைப் பார்த்துக்க ஆள் பத்தலையேன்னு, வீட்டுக்கு ஒருத்தர் கூட வரச் சொன்னோம். அது ப்ளான் இல்ல, வேற வழியில்லாமப் பண்ணினது. பதினோரு பேர் வந்தாங்க. எல்லாரும் கேட்டுக்கு உள்ளே வந்து மரத்தடியில நின்னுட்டாங்க. பசங்களை எங்க கையில ஒப்படைச்சிட்டு, "முடிச்சிட்டு வாங்க, இங்கயே இருக்கோம்"ங்கறாங்க. ஒரு அம்மா தயங்கித் தயங்கி என்கிட்ட கேட்டாங்க: "ஏம்மா, நாங்களும் உள்ள வரலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

அவங்க நின்னது அம்மாயி உட்கார்ந்த மாதிரியே ஒரு மரத்தடி. எனக்குத் தொண்டையில என்னமோ பண்ணுச்சு. "உங்களுக்குத்தாங்க இது. வாங்க"ன்னேன்.

முதல்ல நடராஜர். ஒரு வார்த்தை சொல்லலை. "இவர் நிக்கற மாதிரி நின்னு காட்டுங்க பார்ப்போம்." பசங்க முகத்துல வெளிச்சம்! வலது காலை ஊனணும், அதுவும் நேரா இல்ல, முட்டியை மடக்கி. இடது காலைக் குறுக்கே தூக்கணும். நாலு கைக்குப் பதில் ரெண்டு கைதான், பரவாயில்ல. பத்து விநாடியில பாதி பேர் தடுமாறியாச்சு. ஒரு தம்பி பல்லைக் கடிச்சு நின்னுக்கிட்டே, "அக்கா, தொடையெல்லாம் வலிக்குது. இவரு எப்படி சிரிச்சமேனிக்கு நிக்கறாரு?"ன்னான். ரோடின்னு பெரிய ஃபிரெஞ்சு சிற்பி, இந்த மியூசியத்து நடராஜரோட போட்டோக்களை மட்டும் பார்த்துட்டு 1913ல் கட்டுரையே எழுதினார். அவரும் அந்த உடம்புல வியந்து போனவர்தான். நம்ம தம்பி தொடை வலிச்சுக் கண்டுபிடிச்சுட்டான்.

அடுத்தது அர்த்தநாரீஸ்வரர். "என்ன தெரியுது?" ஒரு பக்கம் ஆம்பளை, ஒரு பக்கம் பொம்பளை. "எதை வெச்சு சொல்றே?" இடுப்பு, மார்பு, நகைன்னு ஒவ்வொண்ணா வருது. ஏழாவது படிக்கிற பசங்க ரெண்டு பேர் 'மார்பு'ன்னு சொல்ல வெட்கப்பட்டு ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டாங்க. அதட்டலை. சிரிச்சு முடிச்சதும் தானா சிலைக்குத் திரும்பிட்டாங்க. "இன்னும்?" கொஞ்ச நேரம் அமைதி. அப்போ நாலாவது படிக்கிற ஒரு ரெட்டை ஜடை கையைத் தூக்கினா.

"அக்கா, மொத்தம் மூணு கைதான் இருக்கு. அப்பா பக்கம் ரெண்டு. அம்மா பக்கம் ஒண்ணே ஒண்ணு."

நான் அந்தச் சிலையை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். புத்தகத்துல படிச்சும் இருக்கேன். ஆனா ஒரு கேள்வியா அது எனக்குத் தோணினதே இல்ல. "ஏன் அப்படி?"ன்னு திருப்பிக் கேட்டேன்.

"தெரியல. எங்க வீட்ல அம்மாதானே எல்லா வேலையும் பண்றாங்க? அவங்களுக்குத்தானே ரெண்டு கை வேணும்!"

பின்னாடி நின்ன அம்மாக்கள் கூட்டத்துல குபீர்னு ஒரு சிரிப்பு பாருங்க! ஒரு அப்பா தரையைப் பார்த்தார். அப்புறம் பேச்சு எங்கெங்கேயோ போச்சு. 'சாமிக்கு நாலு கை, அதுல பாதி ரெண்டு. அம்மனுக்கு ரெண்டு கை, அதுல பாதி ஒண்ணு'ன்னு ஒரு பையன் கணக்கு போட்டுச் சொன்னான். பிரமாதமான பதில்! ரெட்டை ஜடை ஒத்துக்கலை. "அப்போ முழு அம்மனுக்கும் நாலு கை வெச்சிருக்கலாம்ல?" இதுக்கு நடுவுல நான் புகுந்து தீர்ப்பு சொல்லலைங்கறதுதான் அன்னிக்கு நான் செஞ்ச ஒரே நல்ல காரியம்.

இன்னொரு விஷயம் சொல்லியே ஆகணும். தரையைப் பார்த்தாரே அந்த அப்பா, அவர் அதுவரைக்கும் வாயே திறக்கலை. சிலையோட பீடத்துக்கிட்ட குனிஞ்சு, பக்கவாட்டுல போய், பின்பக்கம் எட்டிப் பார்த்துட்டிருந்தார். நான் பக்கத்துல போனதும் மெதுவா, "இது உள்ள கூடா கெட்டியா மேடம்?"னு கேட்டார். கெட்டிதான்னேன். "அதான் பார்த்தேன். அப்ப வார்க்கும்போது காத்து வெளியே போக வழி கரெக்டா வெச்சிருக்கான். காத்து மாட்டிக்கிச்சுன்னா உள்ள ஓட்டை விழுந்துரும். ப்ளோ ஹோல்ம்போம் நாங்க. ஒண்ணுகூட வெளியே தெரியலை பாருங்க."

அவருக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு வார்ப்படப் பட்டறையில வேலை. பம்ப் கேசிங் வார்க்கிறவர்.

நான் எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். முதல்ல மெழுகுலேயே முழுச் சிலையையும் செஞ்சிடுவாங்க. விரல் நகம் வரைக்கும். மேல வண்டல் மண்ணைப் பூசிக் காய வைப்பாங்க. சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிடும். அந்த வெத்திடத்துல உலோகத்தைக் காய்ச்சி ஊத்தி, ஆறினதும் மண்ணை உடைச்சு எடுப்பாங்க. சுவாமிமலையில இன்னிக்கும் அப்படித்தான் செய்யறாங்க. அவர் கண்ணு விரிஞ்சிடுச்சு. "பேட்டர்னே உருகிப் போயிடுதா? நாங்க ஒரு பேட்டர்னை வெச்சு ஆயிரம் பீஸ் எடுப்போம். இவனுக்கு ஒரு பேட்டர்னுக்கு ஒரு பீஸ்தான். தப்பாப் போச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து!"

அதுக்குள்ள பசங்க அவரைச் சுத்திக்கிட்டாங்க. எவ்வளவு சூடு? கையில கொட்டினா என்ன ஆகும்? சட்டையைச் சுருட்டி முழங்கை மேல இருந்த தழும்பைக் காட்டினார். 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் கூடம் பூரா. அவரோட பையன், ரொம்ப நேரமா சுவரோரமா நின்னவன், மெதுவா நகர்ந்து வந்து அப்பாவோட சட்டையைப் பிடிச்சுக்கிட்டான். அது என் அப்பான்னு எல்லாருக்கும் தெரியணும் இல்ல?

யோசிச்சுப் பாருங்க. அம்மாயியை நான் பண்ணின மாதிரி இவரையும் யாராவது 'தெரியலைன்னா சும்மா இருங்க'ன்னு சொல்லியிருந்தா? நாமதான் பாஸ், நாலு புத்தகம் படிச்ச நாமதான் பல பேரை மரத்தடியில உட்கார வைக்கிறோம். வாசல்ல நிக்கற காவலர்கூட அந்த அளவுக்குப் பண்றதில்ல.

அதனால, அக்கா பையனைக் கூட்டிட்டுப் போறப்ப தயவுசெஞ்சு எல்லாத்தையும் காட்டணும்னு கங்கணம் கட்டாதீங்க. ஒரு கூடம், மிஞ்சினா ரெண்டு. எந்தச் சிலை முன்னாடி உட்காரணும்னு அவனே முடிவு பண்ணட்டும். ஆமா, உட்காரட்டும். தரையில உட்கார்ந்தா சிலை இன்னும் பெரிசாத் தெரியும். போறதுக்கு முன்னாடி வயித்துக்கு ஏதாவது போட்டுக் கூட்டிட்டுப் போங்க, பசியில எந்த நடராஜரும் எடுபட மாட்டார். பேனா வேண்டாம், பென்சிலும் ஒரு பேப்பரும் போதும். ஒருத்தன் அழகா வரையறானாங்கறது முக்கியமில்ல, வரையணும்னா விரலை எண்ணியே ஆகணும், அதுதான் மேட்டர். பெயர்ப்பலகையைக் கடைசியில படிங்க. முதல்லேயே படிச்சா, விடை தெரிஞ்ச விடுகதை மாதிரி ஆயிடும். அவன் சொல்றது தப்புன்னு தோணினா உடனே திருத்தாதீங்க, 'எதை வெச்சு சொல்றே'ன்னு மட்டும் கேளுங்க. தஞ்சாவூர்க்காரங்கன்னா அரண்மனை கலைக்கூடத்துல ரிஷபவாகனர் இருக்கார், 1011ல் செஞ்சது. ஒரு கையைச் சாய்ச்சு ஸ்டைலா நிக்கிறார், ஆனா சாய்ஞ்சுக்க அங்கே ஒண்ணுமே இல்ல! காளை தொலைஞ்சு போச்சு. அங்கே என்ன இருந்திருக்கும்னு பையனையே கேளுங்க. எங்க ட்யூஷன் பையன் ஒருத்தன் போட்டோவைப் பார்த்துட்டு 'பைக்'னு சொன்னான். அந்தக் காலத்து பைக்தானே, தப்பில்ல! ஆங், எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை போயிடாதீங்க, லீவு.

அன்னிக்கு மூணாவது சிலைக்குப் போகவே இல்ல. பென்சிலும் பேப்பரும் கொடுத்ததும் பாதி பேர் அர்த்தநாரீஸ்வரர்கிட்டேயே உட்கார்ந்துட்டாங்க. ரெட்டை ஜடைக்கு இன்னொரு சந்தேகம். பீடத்துல எதுக்கு ஓட்டை? புத்தகத்துல ஒரே வரியில பதில் இருக்கு, எனக்கும் தெரியும். ஆனா எனக்கு வேற ஒண்ணு தோணிச்சு. பசங்களைக் கூட்டிட்டு வெளியே வந்தேன். மரத்தடியில நின்னு அம்மாயிக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன்.

அந்தப் பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணரை வருஷம் ஆகியிருந்துச்சு. அதைப் பத்தி நாங்க பேசினதே இல்ல. நான் மன்னிப்பும் கேட்டதில்ல. எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் அப்படி வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்ல.

"அம்மாயி, இங்க இருபது பசங்க இருக்காங்க. சாமி பீடத்துல எதுக்கு ஓட்டைன்னு கேக்கறாங்க. நீங்க சொல்லுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் ஒரு செருமல்.

"அதுலதாங் கண்ணு கட்டையைச் சொருகி, கயித்தால பல்லக்குல இறுக்கிக் கட்டுவாங்க. இல்லன்னா தூக்கிட்டு ஓடறப்ப சாமி ஆடிப்போயிடும்ல..."ன்னு ஆரம்பிச்சவங்கதான். புறப்பாட்டுக்கு யார் யார் தோள் கொடுப்பாங்க, நாயனம் எந்த மூலையில நின்னு வாசிக்கும், மழை வந்தா எந்த வீட்டுத் திண்ணையில சாமியை இறக்குவாங்க, அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல் தெளிச்சுக் காத்திருந்தது, எல்லாம் வருது. பசங்க வாயைப் பொளந்து கேட்டுட்டிருக்காங்க. பம்ப் கேசிங் அப்பாவும்தான்.

முடிக்கிற நேரத்துல அம்மாயி கேட்டாங்க. "ஏம்புள்ள, அந்த ஆத்தாளுக்கு இப்பவாச்சும் ஏதாவது கட்டிவிட்டாங்களா?"

நான் பதில் சொல்றதுக்குள்ள ரெட்டை ஜடை போன்கிட்ட குனிஞ்சா. "இல்ல பாட்டி. ஆனா நான் என் படத்துல பாவாடை போட்டுட்டேன். பச்சைக் கலர்."

"போட்டியா? நல்லதா போச்சு. எந்தப் பக்கம் போட்டே?"

"முழுசா."

"அய்யய்யோ, அழிம்மா அழி! இடது பாதிக்குத்தான் சேலை. வலது பாதிக்கு வேட்டி. ரெண்டும் நடுவுல சேருற எடத்துல கொசுவத்தை எப்படி வெக்கணும்னு சொல்றேன், இரு..."

அவ ரப்பரைத் தேட ஆரம்பிச்சா.